மகிக்குச் சின்ன வண்டியே வாங்கு

கதிர்,

வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "பாக்கலாம்பா" என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பதில் இல்லை என்று உனக்கும் தெரியும். இரண்டு வண்டிகளின் படத்தை அனுப்பி, மகிக்கு இதில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். எட்டு வயது மகளுக்கு மண்ணில் ஓட்டும் பைக் வாங்குவதைப் பற்றி, அரியலூரில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் விற்கிற கிழவியிடம் யோசனை கேட்கும் ஆள் மஸ்கட்டிலேயே நீ ஒருவனாகத்தான் இருப்பாய். கேட்டதில் சந்தோஷம் என்று எழுத நினைத்தேன். ஆனால் சந்தோஷம் வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. பயம் வந்ததா என்றால் அதுவும் தெரியவில்லை. போனை வைத்துவிட்டு, பாதியில் விட்ட சட்டைகளை மடித்து அடுக்கினேன். உன் தம்பி இளங்கோ போனதிலிருந்து எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி உள்ளே மரத்துக் கிடக்கிறது. எழுந்து நடக்கத்தான் நடக்கிறேன்.

போனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். நீ வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். அதனால்தான் எழுதுகிறேன். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சின்ன வண்டி ஒரு வருசத்துல பத்தாமப் போயிடும்மா. பெருசு எடுத்தா மூணு வருசத்துக்கு ஓடும். வளர்ற புள்ளதான?" சின்னதற்கு சீட் உயரம் இருபத்திரண்டு இஞ்சு, பெரியதற்கு இருபத்தாறு என்றாய். ஆக்சிலேட்டரில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது, அதைத் திருகிவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாது என்று இரண்டு தடவை சொன்னாய். என் பயத்துக்காகத்தான் சொன்னாய் என்று புரிந்தது. இளங்கோ வேகமாகப் போனதால்தான் செத்தான் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால் வேகத்தை அடைத்துவிட்டால் போதும் என்று உனக்குத் தோன்றுகிறது. அது அப்படியில்லை, கதிர். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே போவதற்கு நம் கடை வழியாகத்தான் போகவேண்டும், பொறுமையாகப் படி.

வளர்கிற பிள்ளை என்ற வார்த்தையை நீ நம் கடையில்தான் கற்றுக்கொண்டாய். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் செந்துறைப் பக்கமிருந்து பஸ் பிடித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கடைக்குள் கால் வைக்கும்போதே, "ரெண்டு வருசம் வர்ற மாதிரி குடுங்கக்கா" என்பார்கள். அவர்கள் கேட்க மறந்தால் உங்கப்பாவே எடுத்துக் கொடுப்பார். "வளர்ற புள்ள, ரெண்டு இஞ்சு கூடவே போட்டுக்கங்க." சட்டை தோளைத் தாண்டித் தொங்கும். டிரவுசர் முழங்காலை மூடும். பிள்ளை கண்ணாடியில் பார்த்து உதட்டைப் பிதுக்கும். அம்மாக்காரி, "தீவாளிக்குள்ள சரியாயிடும்" என்பாள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. இந்த ஊரில் யாரும் இந்த வருடத்துக்கு மட்டும் துணி எடுப்பதில்லை. நம் வீட்டிலும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் எடுத்த உன் பேண்ட்டின் கீழ்மடிப்பை வருடத்துக்கு ஒருமுறை பிரித்துவிடுவேன். பிரித்த இடத்தில் பழைய மடிப்பு கறுப்புக் கோடாக நிற்கும். உன் கணுக்காலைப் பார்த்தே நீ எந்த வகுப்பு என்று வாத்தியார் சொல்லிவிடலாம் என்று உங்கப்பா கேலி பண்ணுவார்.

உன் ஷூ கதையை நீயே கல்யாணப் பந்தியில் கவிதாவிடம் சொல்லிச் சிரித்தாய். விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயம். ஒரு சைஸ் பெரிய ஷூவுக்குள் நான் துணி அடைத்து அனுப்பியிருந்தேன். நீதான் முன்னால் ஓடினாய். பாதித் தூரத்தில் இடது ஷூ கழன்று பின்னால் போய்விட்டது. ஓடிப்போய்க் கோட்டைத் தொடுவதை விட்டுவிட்டு நீ திரும்பி வந்து ஷூவை எடுத்தாய். கடைசியாக வந்தாய். ஏன்டா என்று கேட்டதற்கு, "தொலைச்சா நீ அடிப்பியே" என்றாய். நாங்கள் மாதக்கணக்கில் அதைச் சொல்லிச் சிரித்தோம். இளங்கோ உன்னைப்போல் நடித்துக் காட்டுவான். இதை எழுதும்போதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் அது சிரிக்க வேண்டிய விஷயம் என்று தெரிகிறது.

பெரம்பலூரில் இளங்கோவுக்குக் காலேஜில் இடம் கிடைத்தபோது அவன் உயரம் உனக்கு நினைவிருக்கும். உங்கப்பாவின் உயரம்தான், உன் தோளுக்குக் கீழே நிற்பான். காலை பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான் என்று வண்டி வாங்கிக் கொடுக்க முடிவு செய்தோம். ஷோரூமில் அவன் நேராகப் போய் கியர் இல்லாத ஸ்கூட்டரில் உட்கார்ந்தான். இரண்டு காலையும் தரையில் ஊன்றி, "இது போதும்மா" என்றான். நான் உனக்குப் போன் போட்டேன். நீ, "ஸ்கூட்டியெல்லாம் வேணாம்மா, காலேஜ்ல பசங்க சிரிப்பானுங்க. நல்ல பெரிய வண்டியா எடுத்துக் குடுங்க" என்றாய். நான், "ஆம்பளப் புள்ளைங்க இருவது வயசு வரைக்கும் வளரும்" என்றேன். பெரிய வண்டியில் ஏற்றி உட்காரவைத்தால் கால் விரல் மட்டும் தரையில் பட்டது. ஷோரூம் பையன், "சீட்டு ஸ்பாஞ்சக் கொஞ்சம் வெட்டிக் கொறச்சித் தரலாங்க, ரெண்டு இஞ்சு எறங்கும்" என்றான். உங்கப்பாதான், "எதுக்குப் புது சீட்ட வெட்டணும்? வளர்ற புள்ள. அடுத்த வருசம் காலு தானா எட்டிடும்" என்றார். நம் கடைப் பேச்சைத்தான் அங்கேயும் பேசினோம். இளங்கோ பிறகு அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அவன் அதை ஓட்டப் பழகிக்கொண்டான். ஓடும்போது நன்றாகவே ஓட்டினான், ஒரு குறையும் சொல்லமுடியாது. நிறுத்துவதற்கு மட்டும் எதையாவது தேடுவான். கடைக்கு வந்தால் வாசற்படி ஓரமாகக் கொண்டுவந்து, படியில் ஒரு காலை வைத்து நிற்பான். டவுனில் பிளாட்பாரம், பெட்ரோல் பங்கில் சிமெண்ட் கட்டை. நான் கல்லாவில் உட்கார்ந்து பார்ப்பேன். இவ்வளவு பெரிய வண்டியில் என் மகன் வந்து இறங்குகிறான் என்று பெருமையாக இருக்கும். அப்போது எனக்கு எல்லாம் நன்றாக உறைத்துக்கொண்டிருந்த காலம்.

அந்த நாளைப் பற்றி உனக்குத் தெரிந்ததெல்லாம் மற்றவர்கள் சொன்னது. கவிதா வயிற்றில் மகி இருந்தாள், டிக்கெட் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரும், "இந்தக் காலத்துப் பசங்க வேகம்ங்க" என்றார்கள். உன் சித்தப்பா உன்னைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார். நீ தலையாட்டினாய். நான் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கும் அன்றைக்கு அவ்வளவுதான் தெரியும்.

காரியமெல்லாம் முடிந்து, நீ மஸ்கட்டுக்குத் திரும்பிய பிறகு நான் பஸ் ஏறி அந்த இடத்துக்குப் போனேன். உங்கப்பாவிடம் சொல்லவில்லை. செந்துறை ரோட்டில் மாமா வீட்டுக்கு வலது பக்கம் திரும்புகிற இடம். எதிரே ஒரு டீக்கடை. கடைக்காரர் என்னை யாரென்று கேட்காமலே ஸ்டூலை எடுத்துப் போட்டார். அவர் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு சொல்கூட மறக்கவில்லை. "வேகமெல்லாம் இல்லீங்கம்மா. தம்பி நின்னுகிட்டுதான் இருந்துச்சு. சுண்ணாம்புக்கல்லு லாரிங்க பின்னாலேர்ந்து வரிசையா வந்துச்சு. அதுங்க போவட்டும்னு ஓரமா நின்னுச்சு. வலது கால ஊனப் பாத்துச்சு, வெரலுதான் பட்டுச்சு. லாரிலேர்ந்து கொட்டுன தூளு அங்க பூரா கெடக்கும், வழுக்கிடுச்சு. வண்டி கனம், அதால புடிக்க முடியல. லாரிக்காரனும் மெதுவாத்தான் வந்தான். அவனால ஒண்ணும் பண்ண முடியாதுங்கம்மா." நான் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் ஏறினேன். கால் எட்டவில்லை, அவ்வளவுதான் நடந்தது. அரியலூர் வந்து இறங்கும்போது நான் இப்போது இருப்பதுபோல் ஆகியிருந்தேன்.

இத்தனை வருடம் இதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று கேட்பாய். பெரிய வண்டி எடுக்கச் சொன்னது நீ. அது உனக்கு மறந்திருக்காது. வேகம்தான் காரணம் என்றால் எந்த வண்டியாக இருந்தாலும் நடந்திருக்கும் என்று நீ மனதைத் தேற்றிக்கொள்ள முடியும். அதை உன்னிடமிருந்து பிடுங்க எனக்கு மனமில்லை. ஒரு பிள்ளை போய்விட்டான், இன்னொருவனாவது ராத்திரி தூங்கட்டும் என்று விட்டேன். மகிக்கென்று நீ அந்தப் படங்களை எனக்கு அனுப்பியிருக்காவிட்டால் இதை நான் என்னோடேயே வைத்துக்கொண்டு போயிருப்பேன். இப்போது சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்க்ரூவைத் திருகினால் போதும் என்று நீ நம்பிக்கொண்டிருக்கும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் துரோகம். உனக்கு வலிக்கும். அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் செய். இதை நீ ஒருவனாகத் தலையில் போட்டுக்கொள்ளாதே. நீ பெரிசு என்றாய், நான் வளருவான் என்றேன், உங்கப்பா சீட்டை வெட்ட வேண்டாம் என்றார். யார் பங்கு எவ்வளவு என்று நான் பல நாள் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. மூன்று பேரும் அவன்மேல் ஆசையாகத்தான் பேசினோம். அவனைத் தவிர வேறு யாரும் அந்த வண்டியில் உட்கார்ந்து காலை ஊன்றிப் பார்க்கவில்லை.

இனி மகி. போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது உங்கப்பா அவளுக்கு ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார். எந்த சைஸ் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இவ்வளவுக்குப் பிறகுமா என்று கேட்காதே. டீக்கடைக்காரர் சொன்னது அவருக்கும் அப்போது தெரியாது. நான் சாமான் வாங்கப் போயிருந்தேன், திரும்பி வந்தால் சைக்கிள் வாசலில் நிற்கிறது, அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நீயும் கவிதாவும் கோயிலுக்குப் போயிருந்தீர்கள். தெருவில் ஜோராக ஓட்டினாள். உன் பிடிவாதமும் இளங்கோவின் பேலன்ஸும் அவளுக்கு இருக்கிறது. ஆனால் அவள் எப்படி நிறுத்துகிறாள் என்று நீ கவனித்தாயா? பக்கத்து வீட்டுக் காம்பவுண்ட் சுவரை ஒட்டிக் கொண்டுவந்து, தோளைச் சுவரில் சாய்த்து நிற்பாள். சட்டையின் தோள்பட்டையில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். "ஏன்டி சுவத்துல ஒரசுற?" என்று கேட்டேன். "கால் எட்டல பாட்டி, ஆனா பரவால்ல, எனக்கு ட்ரிக் தெரியும்" என்றாள். நான் உள்ளே போய் ஸ்பேனர் எடுத்து வந்து சீட்டைக் கடைசிவரை இறக்கினேன். அப்போதும் விரல்தான் பட்டது. அடுத்த நாள் அந்த சைக்கிளைக் கொடுத்துவிட்டுச் சின்னது வாங்கி வந்தேன். பெரியதைத் திருப்பிக் கொடுத்ததற்கு அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உனக்கு நினைவிருக்கும். டயர் பஞ்சர், அதனால்தான் மாற்றினேன் என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

அங்கே நீ அவளை ஓட்டக் கூட்டிப்போகப்போகிற மண் மேட்டில் சாய்ந்து நிற்கச் சுவர் கிடையாது. அதை யோசித்துக்கொள்.

நான் வண்டி வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கப்பா சொல்லச் சொன்னார். "வேணாம்னு ஒரே வார்த்தையில சொல்லிடு" என்றார். அவர் இன்றுவரை இரண்டு சக்கர வண்டியில் ஏறுவதில்லை, மார்க்கெட்டுக்குக்கூட நடந்துதான் போகிறார். வேண்டாம் என்றால் நீ வாங்காமல் இருக்கப்போவதில்லை, என்னிடம் சொல்லாமல் வாங்குவாய். அப்புறம் எது வாங்கினாய் என்றுகூட எனக்குத் தெரியாது. அதோடு, அந்தப் பெண் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, நீ அனுப்பிய வீடியோவில் தலையை ஆட்டியபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். எனக்கு உள்ளே எதுவும் அசையவில்லை. என் மனம் இப்படி ஆனதற்காக அவளுக்குக் கிடைக்கிறதை நான் பிடித்துவைக்கக் கூடாது.

அந்த ஹெல்மெட்டையும் மாற்று. அவள் தலையை ஆட்டும்போது அது தனியாக ஆடியது. உள்ளே ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறாய் என்று பார்த்ததுமே தெரிந்துகொண்டேன், ஷூவுக்குள் துணி அடைத்தவளிடம் அதை மறைக்க முடியாது. தலைக்கு இறுக்கமாக, கன்னம் கொஞ்சம் பிதுங்குகிற மாதிரி வாங்கு. கையுறை விரல் நுனியைத் தாண்டி நீளக் கூடாது, பிரேக்கைப் பிடிக்க வராது. பூட்ஸும் இந்த வருடத்துக் காலுக்கு. வண்டி கீழே சாய்ந்தால் அவளே ஹேண்டிலைப் பிடித்துக் கொஞ்சமாவது நிமிர்த்த முடிகிறதா என்று கடையிலேயே செய்யச்சொல்லிப் பார். முடியாவிட்டால் அது அவள் வண்டி இல்லை. உன் ஸ்க்ரூவையும் திருகு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் ஓடக் கற்றுக்கொடுக்காதே. நிற்கக் கற்றுக்கொடு. இஞ்சினை அணைத்துவிட்டு நீ பின்னால் பிடித்துத் தள்ளு, அவள் பிரேக் பிடித்து இரண்டு காலையும் ஊன்றட்டும். அவளுக்கு அலுத்துப்போகும். உன்னைத் திட்டுவாள். திட்டட்டும்.

போன லீவில் அவளுக்குப் பாவாடை தைக்க அளவெடுத்தபோது, கவட்டிலிருந்து குதிகால்வரை உள்காலையும் அளந்து பார்த்தேன். இருபத்து மூன்று இஞ்சு. இதற்குள் அரை இஞ்சு கூடியிருக்கலாம். நீயே டேப் வைத்து அளந்துகொள், சுவரில் முதுகை ஒட்டி நிற்கவை, செருப்பில்லாமல். இருபத்திரண்டு இஞ்சு சீட்டில் உட்கார்ந்தால் அவள் பாதம் தரையில் நன்றாகப் பதியும். இருபத்தாறில் அவள் தொங்குவாள். அந்தச் சின்ன வண்டி அடுத்த வருடம் பத்தாமல் போகும் என்றால் போகட்டும். பத்தாமல் போனால் அவள் வளர்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு அப்போது அடுத்ததை வாங்கு.

கடையிலும் நான் இப்போது அப்படித்தான் கொடுக்கிறேன். "வளர்ற புள்ளக்கா" என்று யாராவது சொன்னால், "வளரட்டும்மா, அப்ப வாங்க, பிரிச்சு விட்டுத் தரேன்" என்கிறேன். தோளில் சரியாக நிற்கிற சட்டையை எடுத்துப் போடுகிறேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார்கள். உங்கப்பா முதலில் முணுமுணுப்பார். நேற்று ராத்திரி கடையை மூடிவிட்டு வந்ததும் டீக்கடைக்காரர் சொன்னதை அவரிடமும் சொன்னேன். உனக்கு எழுதுவதற்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, "ஸ்பாஞ்ச வெட்டித் தரேன்னானே" என்றார். இன்று காலை ஒரு பையனுக்கு அவரே டேப் எடுத்து அளந்து, சரியான சைஸைக் கொடுத்து அனுப்பினார்.

நீ இதைப் படித்த உடனே போன் பண்ணாதே. என்ன பேசுவது என்று எனக்கும் தெரியாது, நான் அழமாட்டேன், நீ அழுதால் எனக்கு ஆறுதல் சொல்லவும் வராது. கவிதாவிடம் காட்டு. அவள் பக்கத்தில் இருக்கும்போது படி.

வண்டி வாங்கிய அன்றைக்கு வீடியோ போடு. மகி புது ஹெல்மெட்டோடு முகத்தைக் காட்டத் துடிப்பாள், அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். முதலில் நீ போனைக் கீழே இறக்கிப் பிடி. அவளை வண்டியில் உட்காரச் சொல், பக்கத்தில் நீயோ சுவரோ இருக்கக் கூடாது. இரண்டு குதிகாலும் மண்ணில் பதிந்திருக்கிறதா என்று எனக்குக் காட்டு. பதிந்திருந்தால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அவளைக் கிளம்பச் சொல்.

அம்மா